வெளியூரிலிருந்து வருகிறவரை லயத்தில் எங்கே தங்கவைப்பது? தனிமைப்படுத்தலுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

தொற்றுநோய்க் காலத்தில் இலங்கை மலையகத்துக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன மகள் திரும்பி வருகிறாள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கு வருகிறான். "பதினாலு நாள் தனிமையில் வையுங்கள்" என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) ஐந்து பேர் படுக்கிற வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று யாரும் விளக்குவதில்லை.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. காம்பராவிலேயே ஒதுங்கி இருப்பது, குடும்பம் வெளியேறி வீட்டை வருகிறவருக்கு விட்டுக்கொடுப்பது, தோட்டத்து மண்டபம், அரசாங்க நிலையம் அல்லது ஹோட்டல், வராமல் இருக்கிற இடத்திலேயே நிற்பது. எது நல்லது என்பது நோயைப் பொறுத்து மாறும். ஆகவே முதலில் நோயைப் பார்ப்போம்.

## நோய் நாட்டுக்கு நாடு தாவுவது எப்படி?

கிருமி உடம்புக்குள் போன நாளுக்கும் காய்ச்சல் காட்டும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பயணம் அந்த இடைவெளியைவிடக் குறுகியதாக இருந்தால், நோய் சுகதேகியின் உடம்பில் ஏறி வந்து இறங்கிவிடும். குவைத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் அரை நாள்கூட ஆகாது. அங்கிருந்து அட்டனுக்கு பஸ் பிடித்தாலும் அன்றைக்கே வீடு. கொவிட்டோ பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் நாளில்தான் முகம் காட்டும். விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி இந்த ஆளைப் பிடிக்காது. அவருக்கு அப்போது காய்ச்சலே இல்லை.

நம் முன்னோர் இதை உடம்பால் அறிந்தவர்கள். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்த காலத்தில் கொலரா வழிநெடுகப் பிணங்களைப் போட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியதும் கடலைக் கடப்பது சில மணி நேர வேலையாகிவிட்டது. கொலரா வெளிப்பட ஐந்து நாள் வரை எடுக்கலாம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் மண்டபம் என்ற ஊரில் கேம்ப் வைத்து, தோட்டத்துக்கு வருகிறவர்களைக் கடலுக்கு அந்தப் பக்கமே நாட்கணக்கில் நிறுத்தியது. நடத்திய விதத்தில் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் கணக்கு சரியான கணக்கு: பயணம் குறுகினால் காத்திருப்பை நீட்ட வேண்டும்.

அந்தக் காத்திருப்பு ஆள் வந்து கலப்பதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். 1918 நவம்பரில் ஒக்லாந்திலிருந்து நோயாளிகளோடு வந்த தலூன் என்ற கப்பலை மேற்குச் சமோவா கரையிறங்க விட்டது. அங்கே சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு இன்ஃபுளுவென்சாவில் மாண்டது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து வைத்தது. அங்கே அந்த நோயில் ஒரு சாவும் இல்லை.

ஒரு சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தனிமைப்படுத்தல் என்பது நோய் இருக்கலாம் என்று ஐயப்படும் சுகதேகிக்கு. நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது வேறு வேலை, அதற்கு வைத்தியசாலை அல்லது வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும். இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது.

| நோய் | அறிகுறி வர ஆகும் நாள் | எப்போது, எப்படிப் பரவும் |
|---|---|---|
| கொலரா | சில மணி நேரம் முதல் 5 நாள் | மலம் கலந்த தண்ணீர், உணவு வழியே. அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் |
| இன்ஃபுளுவென்சா | 1–4 | அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்தே, காற்றில் |
| சார்ஸ் (2003) | 2–10 | அறிகுறி வந்த பிறகே பெரும்பாலும் |
| கொவிட் | 2–14 | அறிகுறிக்கு 1–2 நாள் முன்பிருந்தே, காற்றில் |
| எபோலா | 2–21 | அறிகுறி வந்த பிறகே. இரத்தம், வாந்தி, உடல் நீர் வழியே |
| சின்னமுத்து (தட்டம்மை) | 7–21 | தடிப்புக்கு 4 நாள் முன்பிருந்தே, காற்றில் |

அட்டவணையின் மூன்றாவது நிரலில்தான் விஷயம் இருக்கிறது. சார்ஸ் 2003இல் ஹொங்கொங்கின் ஒரே ஹோட்டலிலிருந்து வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று தாவியது. என்றாலும் நோய் காட்டிய பிறகே அதிகம் பரவியதால், நோயாளிகளைப் பிரித்து அதை அடக்க முடிந்தது. கொவிட் அப்படி இல்லை. டெங்கு இந்த அட்டவணையில் வராது. அது நுளம்பு வழியே போவது, ஆளைப் பூட்டி வைத்துப் பயனில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு கேள்விகள் போதும். ஒரே காற்றை யார் யார் சுவாசிக்கிறார்கள்? கக்கூசும் பீலியும் (தண்ணீர் பிடிக்கும் இடமும்) யாருடையவை? எத்தனை பேருடைய பேர், அதாவது தோட்டத்தில் பதிவாகும் ஒரு நாள் வேலை, எத்தனை நாள் போகும்? இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் யார் பார்ப்பார்கள், வண்டி எங்கே வரும்?

பலரும் தூரத்தை ஐந்தாவது கேள்வியாகச் சேர்ப்பார்கள். "ஒரு மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் போதும்" என்பது காற்றாடும் வெளியில் ஓரளவு சரி. கதவடைத்த காம்பராவில் இரவு முழுக்க ஒன்றாகப் படுப்பவர்களுக்கு அந்த ஒரு மீற்றர் உதவாது.

## வழி 1: காம்பராவிலேயே ஒரு மூலையில் ஒதுங்குவது

எல்லாரும் செய்வது இதைத்தான். நடுவே சீலை கட்டி, தட்டையும் கோப்பையையும் தனியாக வைத்து, பிள்ளையை அந்தப் பக்கம் படுக்க வைக்கிறார்கள். காற்றில் பரவும் நோய்க்கு இது பெயரளவில்தான் தனிமை. சீலை காற்றைத் தடுக்காது. நுவரெலியாக் குளிரில் சன்னலை இறுக்கிச் சாத்திவிட்டால் எல்லாருக்கும் ஒரே காற்று.

இதன் மறைந்த செலவு பெரியது, அது முதல் நாளில் தெரியாது. ஒரு கணக்குப் போடுங்கள். மகன் வந்த நாள் பூச்சியம். ஆறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். வீட்டாருக்கு அன்றைக்குத்தான் புதிதாக எண்ண வேண்டும், ஆக இருபதாம் நாள் வரை போகிறது. பன்னிரண்டாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வருகிறது. மீதிப் பேருக்கு மறுபடியும் பூச்சியம், இருபத்தாறாம் நாள் வரை வீட்டில். ஞாயிறுகளைக் கழித்தாலும் 22 வேலை நாள். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் என்றால் 44 நாள் பேர் போயிற்று. 2021இல் நிர்ணயமான 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தாலே 44,000 ரூபாய். உங்கள் இன்றைய சம்பளத்தால் பெருக்கிப் பாருங்கள்.

இது எப்போது சரி? சார்ஸ், எபோலா போல அறிகுறிக்குப் பிறகே பரவும் நோயாகவும், தொட்டவர் என்ற ஐயம் மெலிதாகவும், சுகாதாரப் பரிசோதகர் அனுமதித்தும் இருந்தால் போதுமானது. தனி அறையும் தனிச் சன்னலும் உள்ள புதிய தனிவீடு கிடைத்த குடும்பங்களுக்கும் இது ஒத்துவரும். பழைய லயத்தில், அதுவும் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில், கொவிட் போன்ற நோய்க்கு வேண்டாம்.

வேறு வழியே இல்லாமல் இதையே செய்வதானால் சன்னலைப் பகல் முழுக்கவும், இரவில் நாலு விரற்கடையாவது திறந்தும் வையுங்கள். வந்தவர் சன்னல் ஓரம், வயதானவர் கதவு ஓரம். எல்லாரும் உள்ளேயும் முகக்கவசம் போட வேண்டும். குளிருக்கு இன்னொரு கம்பளி போதும். அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு மணமில்லாமல் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

## வழி 2: வீட்டை விட்டுக்கொடுப்பது

வருகிறவர் வீட்டில் தனியாக இருக்க, மற்றவர்கள் சித்தப்பா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய்விடுவது. மலையகத்துக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். பழைய லயத்தில் ஓர் ஆளுக்கென்று தனிக் காற்றும் தனிக் கூரையும் கிடைக்க இதைவிட மலிவான வழி இல்லை. சொந்தக்காரர்கள் ஒரே டிவிசனில் பணிய லயத்திலும் மேட்டு லயத்திலும் இருப்பது இங்கே பெரிய பலம்.

ஆனால் ஒரு நிபந்தனை. வருகிறவர் வாசற்படி மிதிப்பதற்கு முன்னால் வீடு காலியாகிவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் கெட்டுப்போவது இங்கேதான். நாலு வருஷம் கழித்து வந்த மகளைக் கட்டிப்பிடித்து அழுது, சாயத் தண்ணி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக் கதை கேட்டுவிட்டு, இரவாகும்போது துணியைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த ஒரு பின்னேரம் போதும். இப்போது நோய் இரண்டு வீட்டில். பார்க்க மனம் தவிக்கிறதென்றால் முற்றத்தில், வெட்டவெளியில், முகக்கவசத்தோடு நாலைந்து மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். அது தப்பில்லை, நல்லதும்கூட.

வீட்டில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டியவை, பெரியவர் ஒருவருக்கு 14 நாளுக்கு: அரிசி 6 கிலோ, கோதுமை மா 2 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, நெத்தலி அரைக் கிலோ, தேங்காய் ஆறு, உருளைக்கிழங்கு 3 கிலோ, சீனி ஒரு கிலோ, தேயிலை 200 கிராம், உப்பு, எண்ணெய். சவர்க்காரம் மூன்று, பரசிட்டமோல் ஒரு அட்டை, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) ஐந்து பைக்கற்று, வெப்பமானி ஒன்று. விறகு அல்லது காஸ். கைப்பேசி சார்ஜர், ரீலோட். நீரிழிவு, பிரஷர் மாத்திரை எடுப்பவரானால் மூன்று கிழமைக்கு உள்ள மாத்திரை.

தண்ணீர்தான் சிக்கல். பீலிக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே தினமும் காலையில் ஒருவர் இரண்டு வாளி தண்ணீரை இஸ்தோப்பு (முன்திண்ணை) ஓரத்தில் வைத்து, குரல் கொடுத்துவிட்டு விலக வேண்டும். அவர் போன பிறகு உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். வெறும் வாளியைத் திருப்பித் தரும்போது பிடியைச் சவர்க்காரத்தால் கழுவி வைக்கட்டும்.

கக்கூஸ் இரண்டு மூன்று வீட்டுக்குப் பொது என்றால், ஒன்றை இவருக்கென்று ஒதுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் நேரம் பிரியுங்கள்: காலையில் எல்லாரும் போன பிறகு இவர். முடித்ததும் கைபட்ட இடங்களைத் துடைத்து, கதவைத் திறந்து அரை மணி நேரம் விட வேண்டும். துடைக்க, கடையில் விற்கும் 5 வீத குளோரின் திரவத்தில் 20 மில்லிலீற்றர், அதாவது நாலு தேக்கரண்டி, ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி விடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வினாகிரியோடோ கக்கூஸ் கழுவும் அமிலத்தோடோ சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. சில பழைய லயங்களில் காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை இங்கே வந்தால் மூச்சுக் காற்றும் வரும் என்று அர்த்தம். அந்த இடைவெளியைத் தடித்த பொலித்தீனால் அடைத்து, வெளிச் சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புக்கு மேலே மட்டும் பொலித்தீன் கட்டாதீர்கள், தீப்பிடிக்கும். முடிந்தால் லயத்தின் தொங்கல் காம்பராவைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம்தான் அண்டை வீடு.

மறைந்த செலவு: போன வீட்டில் நெருக்கம், அந்த வீட்டுப் பெண்களுக்கு இரண்டு மடங்கு சமையல். அரிசியும் மரக்கறியும் கொண்டுபோங்கள். வந்தவர் தனியாக இருக்க முடியாதவர் என்றால் (கர்ப்பிணி, சிறுபிள்ளையோடு வருகிற தாய், மனம் உடைந்து வருகிறவர்) இந்த வழி சரிவராது. அப்போது அவரோடு சுகதேகியான ஒருவர் 14 நாளும் சேர்ந்தே உள்ளே இருக்க வேண்டும். மாறி மாறிப் போய்வரக் கூடாது.

## வழி 3: தோட்டத்து மண்டபம், பள்ளிக்கூடம்

ஒரே கிழமையில் பத்துப் பேர் வந்திறங்கினால் வீடு வீடாக ஏற்பாடு செய்ய முடியாது. அப்போது மண்டபம் கைகொடுக்கும். சாப்பாடு ஓரிடத்தில், டாக்டரய்யா ஒரு நடையில் எல்லாரையும் பார்க்கலாம், குடும்பத்தில் யாருடைய பேரும் போகாது.

நாற்பதுக்கு இருபது அடி மண்டபத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். படுக்கைக்குப் படுக்கை இரண்டு மீற்றர், எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்தபடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி மண்டபம், தனிக் கக்கூஸ். பெண்கள் பக்கம் உள்ளே பூட்டு, கக்கூஸ் வழிக்கு விளக்கு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கெட்டுப்போவது ஆட்களைக் கலப்பதால். திங்கள் வந்த எட்டுப் பேரோடு ஞாயிறு வந்த ஒருவரைச் சேர்த்தால், அந்த எட்டுப் பேரின் ஆறு நாளும் வீண். ஒரே நாளில் வந்தவர்கள் ஒரே கூடம் என்பதை எழுதி ஒட்டுங்கள். சீட்டு விளையாட்டும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் அடுத்த ஓட்டை. சாப்பாடு பார்சலாக அவரவர் படுக்கைக்கு.

பிள்ளை மடுவத்தை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தை) எடுக்காதீர்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளையை எங்கே விடுவார்கள்? மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் சனம் ஓடி வருவதும் இதே மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களில்தான் தங்கினார்கள். ஆகவே ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்டபத்தை எடுப்பதானால், இடம்பெயர்கிறவர்களுக்கு இரண்டாவது கட்டடம் எது என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

## வழி 4: அரசாங்க நிலையம், ஹோட்டல்

2020 பெப்ரவரி 1இல் வுஹானிலிருந்து 33 பேரை மத்தளயில் இறக்கி, நம் மலைநாட்டுத் தியத்தலாவ இராணுவ முகாமில் 14 நாள் வைத்தார்கள். தனி அறை, பயிற்சி பெற்ற ஆட்கள், பக்கத்தில் வைத்தியர். புதிய நோய், ஆபத்து எவ்வளவு என்று தெரியாத கட்டம், அல்லது எபோலா போன்ற கொடிய நோய் என்றால் இதற்கு ஈடு கிடையாது. அழைத்தால் போய்விடுங்கள். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது கட்டளையாகவும் இருக்கலாம்.

குறை என்னவென்றால் இடம் நம் கையில் இல்லை. தமிழ் பேசும் ஊழியர் இல்லாத நிலையத்தில் நெஞ்சுவலியைக்கூடச் சொல்ல முடியாமல் போகலாம். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், ஒவ்வாமை இவற்றைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

காசு கட்டும் ஹோட்டல், கக்கூஸ் இணைந்த அறையும் வெளியே திறக்கும் சன்னலும் இருந்தால் நல்லது. ஏஸி அறையும் மூடிய நடைபாதையும் என்றால் அவ்வளவு நம்பிக்கை வேண்டாம். 2020இல் மெல்பர்னின் இரண்டாம் அலையே இப்படி ஆட்களை வைத்திருந்த ஹோட்டல்களிலிருந்து கசிந்ததுதான். முகவர் மூலம் வெளிநாடு போனவர்கள், ஹோட்டல் காசு யார் தலையில் என்பதை விமானம் ஏறுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

## வழி 5: வராமல் இருப்பது

கொழும்பில் போடிங்கில் (வாடகைத் தங்குமிடத்தில்) இருப்பவருக்கு இது மலிவு. ஆனால் எட்டுப் பேர் படுக்கும் போடிங் லயத்தைவிட மோசம். வேலையும் சம்பளமும் ஓடிக்கொண்டிருந்து, அறையில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் நிற்கலாம். கடையை மூடிவிட்டார்கள், சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் வரச் சொல்லுங்கள். வருவதை இரண்டு நாள் முன்னால் தெரிவித்தால் வழி 2க்கு வீட்டை ஒழுங்குபண்ண நேரம் கிடைக்கும்.

## எப்போது எதை எடுப்பது?

காற்றில் பரவும் நோய், பழைய லயம், ஓராள் வருகிறார்: வழி 2. பலர் ஒரே நாளில் வருகிறார்கள்: வழி 3. கொடிய அல்லது புதிய நோய்: வழி 4. கொலரா என்றால் காம்பராவைப் பங்குபோடலாம். தனிக் கக்கூசும், கொதிக்க வைத்த தண்ணீரும், சமையலில் அவர் கைபடாமல் இருப்பதும்தான் முக்கியம்.

ஊரெல்லாம் நோய் பரவிவிட்ட பிறகு வெளியூர்க்காரரை மட்டும் பூட்டி வைப்பதில் பயன் குறைவு. டவுனுக்குப் போய்வருகிற எல்லாருக்கும் அதே ஆபத்து. அந்தக் கட்டத்தில் வயதானவரையும் நெஞ்சுவருத்தக்காரரையும் தனி அறைக்கு மாற்றுவதே மேல்.

எந்த வழியானாலும் ஆள் வருமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தோட்டத்து டாக்டரய்யாவுக்கும் சொல்லுங்கள். தொடங்கிய நாளும் முடியும் நாளும் எழுதிய கடிதம் கேளுங்கள். வேலைக்கு இறங்கும்போது அது வேண்டும். லயத்தாருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்துப் பிறகு தெரிய வந்தால்தான் பீலியில் தண்ணீர் பிடிக்க விடாத அளவுக்குப் போகும்.

தினமும் காலை மாலை வெப்பம் பார்த்து எழுதுங்கள். விரலில் மாட்டி இரத்தத்து ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிமானி இருந்தால், குளிர்ந்த விரலில் அது குறைத்துக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். 90க்குக் கீழே, அல்லது பேசும்போது மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், குழப்பமாகப் பேசினால், உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். ஆனால் அது லயத்து வாசல் வரை ஏறாமல் போகலாம். வண்டி நிற்கக்கூடிய சந்தி எது, இரவில் ஆளைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்கப்போகும் நாலு பேர் யார், அவர்களுக்கு முகக்கவசம் எங்கே இருக்கிறது என்பதை வருகிறவர் வருவதற்கு முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.